இங்கிலாந்தில் சொந்த நோட்டு வெளியிட்ட கடைசி தனியார் வங்கி: வெலிங்டன் ஊரின் கதை

நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெலிங்டன் இருக்கிறது. முன்பு ஜக்கதலா என்று அழைக்கப்பட்ட அந்த மலைச்சரிவில் இராணுவக் குடியிருப்பு எழுந்த பிறகு, வெலிங்டன் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்த படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் அந்தப் பிரபு. 1809இல் அவருக்குப் பட்டம் கொடுத்தபோது, இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய ஊரின் பெயரை எடுத்துப் பட்டமாக்கினார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் நாம் உச்சரிக்கும் பெயரின் வேர் அந்தச் சிற்றூரில் இருக்கிறது.

அந்த ஊருக்கு என் கணக்கில் தளபதியைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. பிரபுவுக்குப் பட்டம் கிடைப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1787இல், அங்கே ஒரு வங்கி தொடங்கியது. கம்பளி நெய்த ஃபாக்ஸ் குடும்பம் நடத்திய அந்த வங்கி, தன் பெயரையே அச்சிட்டுத் தன் பங்காளி ஒருவர் கையெழுத்திட்ட பண நோட்டுகளை வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த நூற்றுக்கணக்கான உள்ளூர் வங்கிகள் அந்த உரிமையை ஒவ்வொன்றாக இழந்த பிறகும், ஃபாக்ஸ் ஃபௌலர் அண்ட் கம்பெனி என்ற இந்த வங்கி மட்டும் 1921 வரை தாக்குப்பிடித்தது.

ஒரு தனியார் வங்கி பணம் அச்சிடுவதா என்று இன்று வியப்பாக இருக்கும். ஆனால் அந்த நோட்டின் இயல்பு நமக்குப் புதிதல்ல. புரோநோட்டு எழுதிப் பார்த்தவர்கள் நம்மிடையே ஏராளம். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, கேட்கும்போது தருவதாக ஒப்புக்கொள்ளும் கடன் பத்திரம் அது. பண நோட்டும் பிறப்பால் ஒரு புரோநோட்டுதான். வேறுபாடுகள் இரண்டே. கடன் கொடுத்தவரின் பெயர் அதில் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தருவேன் என்றிருக்கும். வட்டியும் கிடையாது. அந்தக் காலத்து உள்ளூர் வங்கி நோட்டுகளின் பின்புறத்தில் அரசின் வரி முத்திரைகூட இருந்தது. நோட்டு வெளியிட்டவர் அதற்கு ஸ்டாம்பு வரி கட்டியாக வேண்டும்.

இதில் வங்கிக்காரருக்கு என்ன இலாபம்? ஒரு விவசாயி வந்து நூறு பவுண்டு கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்காரர் கல்லாவில் இருந்து தங்கம் எடுத்துக் கொடுக்காமல் தன் நோட்டுகளில் இருபதை எண்ணிக் கொடுக்கிறார், ஒவ்வொன்றும் ஐந்து பவுண்டு. விவசாயி அதற்கு வட்டி கட்டுகிறார். அந்த நோட்டுகள் சந்தையில் மாட்டுக்காரரிடமும், அவரிடமிருந்து தோல் வியாபாரியிடமும், பிறகு கடைக்காரரிடமும் போகின்றன. அவை கைமாறிக்கொண்டே இருக்கும்வரை வங்கிக்காரர் தங்கம் தர வேண்டியதில்லை. உண்மையில் ஊரே சேர்ந்து அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் நோட்டை நீட்டித் தங்கம் கேட்டால் எப்பேர்ப்பட்ட வங்கியும் தாங்காது. கேட்க மாட்டார்கள் என்பதுதான் அடித்தளம். கேட்டால் தருவார் என்று நம்புகிறவரைக்கும் யாரும் கேட்பதில்லை.

அந்த நம்பிக்கையைப் பெற ஒரு கம்பளி ஆலை முதலாளிக்கு என்ன தகுதி இருந்தது என்பதில்தான் கதையின் சுவை இருக்கிறது.

தாமஸ் ஃபாக்ஸ் தன் தாய்வழிக் குடும்பத்தின் கம்பளித் தொழிலுக்குள் வந்து, அதைத் தன் பெயரில் நிறுத்தியவர். வெலிங்டனில் நெய்த செர்ஜ் என்ற முறுக்குக் கம்பளித் துணி தொலைதூரம் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிச் சீனாவுக்கு ஏற்றிய துணியில் இந்த ஊர்ச் சரக்கும் இருந்தது. ஆகவே அவருக்கு வரவேண்டிய பணம் லண்டனில், உண்டியல் கடிதங்களாக, அதாவது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதிய கட்டளைகளாக இருந்தது. கொடுக்கவேண்டிய பணமோ சாமர்செட்டில், நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் ஆட்டு ரோமம் விற்பவர்களுக்கும். நடுவே பாதுகாப்பில்லாத சாலை. தங்கத்தை வண்டியில் ஏற்றி அனுப்புவது செலவு, ஆபத்து. போதாக்குறைக்கு நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு. அரசின் நாணயச்சாலை பல ஆண்டுகளாகத் தேவைக்கு ஏற்ற வெள்ளிக் காசோ செப்புக் காசோ அடிக்கவில்லை. ஃபாக்ஸ் வங்கி தொடங்கிய அதே 1787இல்தான் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த பாரிஸ் செப்புச் சுரங்கக் கம்பெனி தன் சொந்தச் செப்புக் காசை அடித்து வெளியே விட்டது. அரசு தராததைத் தொழில் செய்பவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட காலம் அது.

லண்டனில் வரவேண்டிய பணம், ஊரில் பணத்தின் தேவை. இந்த இரண்டையும் ஒரு தாளால் இணைத்ததுதான் வங்கி. லண்டனுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் ஃபாக்ஸிடம் வந்து கட்டுவார். ஃபாக்ஸ் லண்டனில் தனக்கு இருக்கும் இருப்பின் மேல் ஓர் உண்டியல் எழுதிக் கொடுப்பார். நம் நகரத்தார் ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் இடையே உண்டியல் எழுதியதை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கவேண்டியது எதுவுமில்லை. வியாபாரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த துணைத்தொழிலாகவே இந்த வங்கி பிறந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஃபாக்ஸ் குடும்பத்தார் குவேக்கர்கள். பாதிரியார் இல்லாமல், சடங்கு இல்லாமல், மௌனமாகக் கூடி வழிபடும் கிறித்தவப் பிரிவு. அவர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள். நீதிமன்றத்தில்கூடப் பைபிளைத் தொட்டு ஆணையிட மறுத்தார்கள். ஒருநாள் மட்டும் ஆணையிட்டு உண்மை பேசுவதென்றால் மற்ற நாட்களில் பேசுவது என்ன என்பது அவர்கள் கேள்வி. இதனாலேயே பல்கலைக்கழகத்திலும் அரசுப் பதவியிலும் இடம் கிடைக்காமல் வியாபாரத்துக்குள் வந்தார்கள். பார்கிளேஸ், லாயிட்ஸ் என்று இன்று உலகறிந்த வங்கிகளின் தொடக்கத்திலும் குவேக்கர் குடும்பங்களே இருக்கின்றன. கடனைத் திருப்பித் தராமல் மஞ்சள் கடுதாசி கொடுத்தவரை அவர்களுடைய சபை விலக்கி வைத்தது. திவால் அவர்களுக்குப் பணநஷ்டத்தோடு முடியாது. உறவும் ஊரும் போய்விடும்.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. வெலிங்டன் வங்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. அந்த நோட்டில் கையெழுத்திட்டவர் யாரோ எட்டாத உயரத்தில் இருந்த அதிகாரி அல்லர். அவருடைய ஆலையின் சங்கொலி ஊருக்குக் கேட்டது, அவருடைய வீட்டுக்கு வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சட்டமும் அப்படித்தான் அமைந்திருந்தது. 1708இல் போட்ட ஒரு சட்டப்படி, பின்னாளில் நாட்டின் மத்திய வங்கியாக வளர்ந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்தைத் தவிர, ஆறு பங்காளிகளுக்கு மேல் உள்ள எந்த நிறுவனமும் இங்கிலாந்தில் நோட்டு வெளியிடக் கூடாது. பங்காளிகளின் பொறுப்புக்கும் எல்லை கிடையாது. வங்கி முறிந்தால் ஆலையும் வீடும் நிலமும் கட்டிலும் ஏலத்துக்கு வரும்.

ஆனால் இந்தச் சட்டம் நல்லது செய்ததைவிடக் கெடுதல் செய்ததே அதிகம் என்பது என் கருத்து. ஆறு பேருக்கு மேல் சேரக் கூடாது என்றால் வங்கிகள் சிறியனவாகவே இருக்கும். 1750இல் லண்டனுக்கு வெளியே பன்னிரண்டு வங்கிகள்கூட இருந்திருக்காது என்பார்கள். 1810 வாக்கில் அது எழுநூறைத் தாண்டிவிட்டது. மளிகைக்காரர், ஜவுளிக்காரர், சாராயம் வடிப்பவர் என்று பலரும் வங்கிக்காரர் ஆனார்கள். வேல்ஸில் லாண்டவெரி என்ற ஊரில் 1799இல் தொடங்கிய வங்கியை நடத்தியவர் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி. அவருடைய நோட்டில் ஒரு கறுப்பு எருதின் படம் இருந்தது. அதனால் ‘கறுப்பு எருது வங்கி’ என்றே மக்கள் அதை அழைத்தார்கள். எழுத்தறியாதவருக்கும் எருது தெரியும் அல்லவா. அந்த வங்கி நன்றாகவே நடந்தது. 1909இல்தான் லாயிட்ஸ் அதை வாங்கியது. எல்லா வங்கியும் எருது வங்கிபோல் இருக்கவில்லை.

1797 பிப்ரவரி 22ஆம் தேதி, ஒரு சிறு பிரெஞ்சுப் படை வேல்ஸின் ஃபிஷ்கார்டு கரையில் இறங்கியது. இரண்டே நாளில் அது சரணடைந்துவிட்டது. ஆனால் செய்தி அதைவிட வேகமாகப் பரவியிருந்தது. மக்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தங்கத்துக்காக ஓடினார்கள். நான்கு நாட்கள் கழித்து, பேங்க் ஆஃப் இங்கிலாந்தே இனி நோட்டுக்குத் தங்கம் தர வேண்டாம் என்று அரசு ஆணையிட்டது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த ஆணை 1821 வரை நீடித்தது. தங்கம் மறைந்த இடத்தில் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகள் வந்தன. அதுவரை பணக்காரர் பெட்டிக்குள் இருந்த தாள் இப்போது கூலிக்காரர் சட்டைப்பைக்கு வந்தது.

இங்கே அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வெளியூருக்கு நோட்டு அனுப்ப வேண்டியவர் அதைக் கத்தரியால் நடுவே வெட்டுவார். ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவார். வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே அடுத்த பாதி போகும். பெறுகிறவர் இரண்டையும் பின்னால் ஒரு தாள் ஒட்டிச் சேர்த்துக்கொள்வார். இரண்டு பாதியிலும் ஒரே எண் இருந்தால் வங்கி பணம் தரும். வழிப்பறிக்காரனுக்குப் பாதி நோட்டால் பயனில்லை. இன்றும் அருங்காட்சியகங்களில் நடுவில் ஒட்டுப்போட்ட பழைய நோட்டுகளைக் காணலாம்.

1825 டிசம்பரில் வந்தது பெரும்புயல். தென்னமெரிக்கச் சுரங்கங்களிலும் கடன் பத்திரங்களிலும் ஆசைப்பட்டுப் போட்ட பணம் வற்றியபோது, வெலிங்டனுக்கு மேற்கே பிளிமத் நகரில் எல்ஃபோர்டு குடும்ப வங்கி நவம்பரிலேயே கதவடைத்திருந்தது. அடுத்து லண்டனில் போல் தார்ன்டன் வங்கி விழுந்தது. பல டஜன் உள்ளூர் வங்கிகளுக்கு லண்டன் முகவராக இருந்த வங்கி அது. வேர் அறுந்ததும் கிளைகள் வாடின. சில வாரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட வங்கிகள் பணம் தருவதை நிறுத்தின. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஒரு தெருவில் கிளம்பிய வதந்தி சந்தை நாளுக்குள் மாவட்டத்தையே சுற்றிவிடும். பல ஊர்களில் நிலக்கிழார்களும் வியாபாரிகளும் கூடி, ‘இன்னின்ன வங்கியின் நோட்டை நாங்கள் தயங்காமல் வாங்கிக்கொள்வோம்’ என்று கையெழுத்திட்டுப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார்கள்.

முறிந்துபோன வங்கிகளின் நோட்டுகளுக்கு என்ன ஆயிற்று? திவால் ஆணையர்கள் ஓர் இடத்தில் உட்காருவார்கள். நோட்டு வைத்திருப்பவர்கள் வரிசையில் வந்து காட்ட வேண்டும். பவுண்டுக்கு (அன்று இருபது ஷில்லிங்) இத்தனை ஷில்லிங் என்று கிடைத்ததைக் கொடுத்து, நோட்டின் பின்புறத்தில் அதைக் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மீதி என்றாவது வரும் என்ற ஆசையில் மக்கள் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினார்கள். தாத்தா இறந்து, பேரன் பெட்டியைத் திறக்கும்போதும் அது அங்கே இருந்தது. நன்றாக நடந்த வங்கியின் நோட்டுக்கு இந்த வாழ்வு கிடையாது. அது வங்கிக்குத் திரும்பிவரும், தங்கம் கொடுக்கப்படும், கையெழுத்து வெட்டப்பட்டு நோட்டு அழிக்கப்படும். அதனால்தான் பழைய நோட்டு சேகரிப்பவர்களின் ஆல்பங்களில் திவாலான வங்கிகளே நிறைந்திருக்கின்றன. ஃபாக்ஸ் ஃபௌலர் நோட்டு கிடைப்பது அரிது. கிடைக்காததே அந்த வங்கிக்குக் கிடைத்த நற்சான்று. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

1825இல் பட்ட அடி அரசை யோசிக்க வைத்தது. 1826இல், லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் பல பங்குதாரர்கள் சேர்ந்து பெரிய வங்கி தொடங்கலாம் என்று அனுமதித்தார்கள். ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை இங்கிலாந்தில் ஒழிக்கவும் முடிவெடுத்தார்கள். அதோடு சாதாரணக் கூலிக்காரரின் கையிலிருந்து உள்ளூர் நோட்டு விலகியது.

உண்மையான கழுத்துப்பிடி 1844இல் பிரதமர் ராபர்ட் பீல் கொண்டுவந்த வங்கிச் சட்டம். ஒரே அடியில் தனியார் நோட்டுகளை அவர் தடை செய்யவில்லை. அதைவிடப் பொறுமையான வழியைத் தேர்ந்தார். புதிதாக எந்த வங்கியும் நோட்டு வெளியிடக் கூடாது. ஏற்கெனவே வெளியிடும் வங்கிகள் 1844 ஏப்ரல் 27க்கு முந்தைய 12 வாரங்களில் சராசரியாக எவ்வளவு நோட்டு புழக்கத்தில் வைத்திருந்தனவோ, அந்த அளவைத் தாண்டக் கூடாது. வங்கி மூடினால் உரிமை போகும். பங்காளிகள் ஆறு பேரைத் தாண்டினால் போகும். பெரிய பங்கு நிறுவன வங்கியோடு இணைந்தாலும் போகும். போன உரிமையின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் நோட்டைக் கூட்டிக்கொள்ளலாம். அன்று அந்தப் பட்டியலில் இருந்தவை 207 தனியார் வங்கிகள், 72 பங்கு நிறுவன வங்கிகள். அவற்றின் மொத்த வரம்பு ஏறக்குறைய 86 இலட்சம் பவுண்டு.

அதில் வெலிங்டன் வங்கியின் பங்கு ஏழாயிரம் பவுண்டுக்கும் குறைவு. ஐந்து பவுண்டு நோட்டாகக் கணக்கிட்டால் 1,400 தாளுக்குள் அடங்கிவிடும். இத்தனை குறைந்த வரம்பு கொண்ட ஒரு வங்கி எல்லோரையும் விட நீண்டகாலம் எப்படி நின்றது? சட்டத்தின் மூன்று வாசல்களையும் அது மிதிக்கவில்லை. மூடவில்லை. பங்காளிகளை ஆறுக்குள் வைத்துக்கொண்டது. தன்னைவிடப் பெரியவரிடம் போய்ச் சேராமல், தானே கிளை திறந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் அதற்கு 55 கிளைகள் வரை இருந்தன. அவ்வளவு கிளைகள் இருக்கும் வங்கிக்கு ஏழாயிரம் பவுண்டு நோட்டால் வரும் வருமானம் பொருட்டே அல்ல. அந்த உரிமையை அவர்கள் குடும்பச் சொத்துபோலக் காத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். நம் வீடுகளில் பயன்படாவிட்டாலும் பாட்டனார் பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை யாரும் எடைக்குப் போடுவதில்லை.

பீலின் சட்டம் நம்மையும் தொட்டது. சென்னையில் 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் அதுவரை தன் நோட்டைத் தானே வெளியிட்டுவந்தது. 1861இன் காகிதப் பணச் சட்டம் பீலின் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை முழுவதும் அரசுக்குப் போனது. கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் மூன்றும் அதை இழந்தன. இன்று 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, வைத்திருப்பவருக்குக் கேட்டவுடன் தருவேன் என்று தனியார் எவரும் புரோநோட்டு எழுதவே கூடாது என்கிறது. தாமஸ் ஃபாக்ஸ் செய்ததை இன்று நம் ஊர் நெசவாலை முதலாளி செய்தால் அது குற்றம்.

இலங்கையில் பாடம் கடுமையாக வந்தது. காப்பிச் செடிகளை இலை நோய் அழித்த காலம். அங்கே நோட்டு வெளியிட்ட ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் தவித்தபோது, ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அதைத் தொடர்ந்து அங்கும் நோட்டு அரசின் கைக்கு வந்தது. தனியார் நோட்டை அரசு எடுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது என்பதை இந்த நிகழ்ச்சி எனக்குச் சொல்கிறது. ஃபாக்ஸ் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருந்தால் பீலின் சட்டம் தேவைப்பட்டிருக்காது. நோட்டை வாங்கும் கூலிக்காரருக்கோ, எந்த வங்கிக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914 ஆகஸ்டில், பிரிட்டிஷ் அரசே ஒரு பவுண்டுக்கும் பத்து ஷில்லிங்குக்கும் நோட்டு அச்சிட்டது. தங்கக் காசு மக்கள் கையிலிருந்து மறைந்தது. வெலிங்டன் ஆலைக்கு அந்தப் போர் பெருவேலை கொடுத்தது. சிப்பாய்கள் முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுற்றிக்கொண்ட காக்கித் துணிப்பட்டைகளைக் குவியல் குவியலாக நெய்தது ஃபாக்ஸ் ஆலைதான். அந்தப் பட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே ‘பட்டி’ என்ற இந்திச் சொல்லில் இருந்து போனது. போர் முடிந்தபோது வங்கி உலகம் மாறியிருந்தது. ஒன்றையொன்று விழுங்கிய வங்கிகளில் ஐந்து மட்டும் பேருருவம் எடுத்து நின்றன. அவற்றில் ஒன்றான லாயிட்ஸ் 1921இல் ஃபாக்ஸ் ஃபௌலரை வாங்கியது. பங்கு நிறுவன வங்கியோடு சேர்ந்தால் நோட்டு உரிமை போகும் என்ற 1844ஆம் ஆண்டின் விதி, 77 ஆண்டுகள் காத்திருந்து, பட்டியலில் மீதமிருந்த கடைசிப் பெயரையும் அடித்தது.

ஐக்கிய இராச்சியத்துக்குள் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மட்டும் இன்றும் வணிக வங்கிகள் சொந்த நோட்டு வெளியிடுகின்றன. அதற்கு ஈடாகப் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் முழுத் தொகையையும் காட்ட வேண்டும். அந்த ஈட்டுக்காகவே பத்து இலட்சம் பவுண்டு, பத்துக் கோடி பவுண்டு மதிப்புள்ள தனி நோட்டுகள் அங்கே பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. முன்னதற்கு ‘ஜயன்ட்’, பின்னதற்கு ‘டைட்டன்’ என்று பெயர். அப்படி நோட்டு வெளியிடும் வங்கிகளில் ஒன்று பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. 2009 முதல் அதன் உரிமையாளர், வெலிங்டனின் நோட்டை நிறுத்திய அதே லாயிட்ஸ் குழுமம்.

வெலிங்டனில் ஃபாக்ஸ் குடும்பத்தின் பழைய டோன்டேல் ஆலைக் கட்டடங்கள் பெரும்பாலும் பாழடைந்து கிடந்தன. ஆனால் ஃபாக்ஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் தறி இன்னும் ஓடுகிறது. அதன் ஃபிளானல் துணி இன்றும் கோட்டுத் தைப்பவர்களிடையே பெயர் பெற்றது. பக்கத்தொழிலாகத் தொடங்கிய வங்கி போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 1772இல், அந்தப் பெயரில் தொடங்கிய நெசவு அதே ஊரில் நடந்துகொண்டிருக்கிறது.